பசை போடாத ஸ்டூல்

குமாரசாமி அண்ணன் தன் மனைவி பி.காம். என்று பதினேழு வருடமாக அமெரிக்க ஊரான ரிச்சர்ட்சன் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ராமாத்தாள் அக்கா படித்தது பத்தாவது. அதற்குப் பிறகு பதினொரு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. தைப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி, செக்கிங், அப்புறம் கட்டிங் டேபிள். கட்டிங் மாஸ்டர் குடித்துவிட்டு வராத நாட்களில் அட்டையில் பேட்டர்ன் போட்டு வெட்டிக் கொடுத்தவர் அக்காதான். அந்த மாஸ்டர் வந்த நாட்கள் குறைவு. அந்தப் பதினொரு வருடத்தை அண்ணன் மூன்று வருடப் பட்டமாக மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

முதல் வருடப் பொங்கல் விழாவில் யாரோ கேட்டிருக்கிறார்கள், "உங்க மிஸஸ் என்ன படிச்சிருக்காங்க?" அவர் வாயில் அது வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்க அவருக்குத் தெரியவில்லை. அக்கா பக்கத்தில் நின்று சிரித்திருக்கிறார்.

நான் அவர்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஒரு டிகிரிக்கு எங்கள் அம்மா தீப்பெட்டி ஆபீசில் எத்தனை வருடம் குச்சி அடுக்கினாள் என்று தெரிந்தவளுக்கு, டிகிரியைச் சும்மா வாயால் வாங்கியவரைப் பார்த்தால் எப்படி இருக்கும்? கேட்டே விட்டேன்.

"ஏன் அக்கா, அண்ணன்தான் பொய் சொல்றாருன்னா நீங்களும் தலையாட்டுறீங்க?"

"ஏஞ்சாமி இப்புடிக் கோவிக்கற. அவரு ஆசைப்பட்டுச் சொன்னாரு. உடு. நானென்ன அந்த டிகிரிய வெச்சு ஆருகிட்டயாச்சும் வேலையா கேட்டன்?"

அரிசிம்பருப்புச் சாதத்துக்குத் தாளித்துக்கொண்டே சொன்னார். மேலே பேச முடியாதபடி தட்டில் போட்டு, நெய்யும் ஊற்றிக் கையில் கொடுத்துவிட்டார். அந்த வீட்டில் என் கோபம் எல்லாம் இப்படித்தான் முடியும்.

கோர்ஸ் ஒன்றைப் பற்றிய தாளைக் கொண்டுவந்தது கலாவதி ஆன்ட்டி. இரண்டு தெரு தள்ளி வீடு, மயிலாப்பூர்க்காரர், பாங்க் மேனேஜர் மகள். பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜில் டிஜிட்டல் ஃபேப்ரிகேஷன் என்று ஆறு வாரத்துக்கு ஒரு தொடக்க வகுப்பு. கம்ப்யூட்டரில் வரைந்ததை லேசர் மிஷின் வெட்டும், இன்னொரு மிஷின் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சடிக்கும்.

"நான் கொலு பொம்மை பிரின்ட் பண்ணலாம்னு அப்ளை பண்றேன் ராமாத்தா. நீங்களும் வாங்களேன். பி.காம். பண்ணவங்க நீங்க, ஈசியா பிக் அப் பண்ணிடுவீங்க" என்றார்.

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். அதில் லேசர் மிஷினின் படம். பெரிய மேசை, அதன் மேல் விரித்த ஒரு தகடு, தகடு முழுக்க ஓர் இஞ்ச்கூட வீணாகாமல் நெருக்கி அடுக்கிய வடிவங்கள். அக்கா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஆன்ட்டி போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"இது என்ன தெரியுமா சாமி? இது கட்டிங் டேபிள். துண்டையெல்லாம் அடுக்கி மார்க்கர் போட்டு வெச்சிருக்கறான் பாரு. ஆனா இங்க பாரு, இந்தத் துண்ட அப்புடியே திருப்பிப் போட்டிருந்தான்னா இன்னொண்ணு உள்ள போகும். வேஸ்ட் பண்றான்."

அன்று மாலையே அப்ளை பண்ணினோம்.

பன்னிரண்டு இடம்தான். வருகிறவர்களுக்கு மூன்று முன்வேலை கொடுத்திருந்தார்கள். ஒன்று, ஆன்லைனில் பாதுகாப்புத் தேர்வு, இருபது கேள்வி, இருபதும் சரியாக இருக்க வேண்டும். இரண்டு, மில்லிமீட்டரில் அளவு போட்ட ஒரு வரைபடம். மூன்று, அந்த வரைபடத்தின்படி அட்டைப்பெட்டி அட்டையில் கையால் வெட்டிய ஒரு ஸ்டூல். பசை கூடாது, டேப் கூடாது, ஆணி கூடாது. தனித்தனித் தகடுகளாகக் கொண்டுவந்து அவர்கள் எதிரில் கோக்க வேண்டும். செய்தவர் அதன் மேல் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். தாங்கினால் இடம். தாங்காவிட்டால் அடுத்த வருடம்.

தேர்வில் அக்கா முதல் தடவை பத்தொன்பது வாங்கினார். துப்பட்டா, வளையல், தொங்கும் சங்கிலி எதுவும் மிஷின் பக்கம் ஆகாது என்பது சரி. ரெக்ஸினை லேசரில் வைத்தால் விஷப் புகை வரும் என்பதும் சரி; "அது எரியற நாத்தம் எனக்குத் தெரியாதா" என்றார். தவறிய கேள்வி இதுதான்: மிஷினுக்குள் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்வீர்கள்? அக்கா தேர்ந்தெடுத்த பதில், மேற்பார்வையாளரைக் கூப்பிடுவேன்.

"ஸ்டாப் பட்டனை அமுக்கணும் அக்கா."

"நாமளாவா?"

"நீங்களேதான்."

"கம்பெனில சூப்ரவைசர் சொல்லாம மிசின நிறுத்துனா அடுத்த நாள் கேட்டுக்குள்ளயே உடமாட்டாங்க சாமி." அந்தக் கேள்வியை இன்னொரு தடவை படித்தார். "இங்க நாமளே நிறுத்தலாங்கறாங்களா. நல்ல எடந்தான்."

மறுபடி எழுதி இருபதும் வாங்கினார். அந்தத் திரையை போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பச் சொன்னார். அண்ணன் ஆபீஸிலிருந்து ஒரு கட்டைவிரல் அனுப்பினார். அக்கா அதையும் எனக்குக் காட்டினார்.

வரைபடத்துக்குத் தென்றல் உதவ வந்தாள். பதினாறு வயது, அவர்களுடைய ஒரே பெண். தமிழ் முழுக்கப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில்.

"அம்மா, தேர் ஆர் லைக் தவுசண்ட் டெம்ப்ளேட்ஸ். ஜஸ்ட் டவுன்லோட் ஒன்."

"ஊரான் ஒடம்புக்கு வெட்டுன பேட்டர்ன்ல நான் ஏன்டி சட்டை போடோணும்?"

"இட்ஸ் எ ஸ்டூல், அம்மா."

"உக்காரப் போறது என்ற ஒடம்புதான?"

அக்கா பழுப்புத் தாளை டைனிங் டேபிளில் விரித்து முழு அளவில் பென்சிலால் வரைந்தார். இந்தப் பக்கம் இரண்டு தகடு, குறுக்கே இரண்டு தகடு. ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்கு நீளமாக வெட்டிய இடைவெளி, அதாவது காடி. காடிக்குள் காடி இறங்கினால் நான்கும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். மேலே உட்கார ஒரு சதுரத் தட்டு. வரைந்து முடித்ததைத் தென்றல் கம்ப்யூட்டரில் ஏற்றக் கற்றுக்கொடுத்தாள். அக்கா மவுஸைப் பிடித்த பிடியைப் பார்க்க வேண்டும், சுண்ணாம்புக் கட்டியைப் பிடிப்பது போல மூன்று விரலில்.

மே மாதம் அது. வெளியே நின்றால் முகத்தில் ஈரத்துணியைப் போர்த்தியது போன்ற வெக்கை, மாலையானால் மேற்கே கறுத்துக்கொண்டு வரும், போனெல்லாம் ஒரே நேரத்தில் அலறும், ஆலங்கட்டி விழும் காரை உள்ளே விடுங்கள் என்று. கராஜில் காரை வைக்க இடமில்லை. பிரிட்ஜ் வாங்கிய யாரோ வெளியே போட்டிருந்த பெரிய பெட்டியை அண்ணன் கூரை மேல் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை விரித்தால் கராஜே அடைந்துபோனது. அக்கா தரையில் குந்தி, இரும்பு ஸ்கேலை முட்டியால் அழுத்தி, கத்தியை ஒரே இழுப்பாக இழுத்து வெட்டினார். இரண்டாவது தடவை கத்தி அதே கோட்டில் போகவில்லை. போகத் தேவைப்படவில்லை.

புதன்கிழமை மாலை கோத்துப் பார்த்தார். காடிகள் வழுக்கிக்கொண்டு இறங்கின. மூன்று பேர் நின்று பார்த்தோம். அக்கா சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸ்டூல் முறியவில்லை. கிழியவில்லை. நிதானமாக, தூக்கம் வந்த மாடு படுப்பது போல, ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. அக்கா சிமென்ட் தரையில் கிடந்தார்.

தென்றல் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்தி, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கப் போனார். அக்கா எழவில்லை. படுத்தபடியே காடியை விரலால் தொட்டுக்கொண்டிருந்தார்.

"அளவு சரியாத்தான போட்டிருந்தீங்க?" என்று நான் கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் ஒரு நூல் உட்டுத்தான் வெட்டுனன் சாமி."

நூல் என்றால் இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கு. துணி வெட்டுகிறவர்கள் யாரும் சரி அளவுக்கு வெட்டமாட்டார்கள். தையலுக்கு விட வேண்டும், துவைத்தால் சுருங்குவதற்கு விட வேண்டும், போட்டவர் பிள்ளை பெற்றுப் பெருத்தால் பிரித்துவிட உள்ளே கொஞ்சம் விட வேண்டும். பதினொரு வருடம் விட்டு விட்டே பழகிய கை, அட்டைக்கும் தாராளமாக விட்டிருந்தது. அட்டைக்கு யார் தையல் போடப் போகிறார்கள்? அது சுருங்கவும் போவதில்லை, பிள்ளை பெறவும் போவதில்லை.

அண்ணனுக்கு முகமே செத்துப் போயிருந்தது. மாடிப்படியில் என்னை நிறுத்தி மெதுவாகச் சொன்னார்: "எழில், அங்க முப்பது பேரு வருவாங்க. கலாவதி வர்றாங்க. எல்லாரு முன்னாடியும் இப்புடி விழுந்தா? நீயாச்சும் சொல்லு, ஒரு பேக்கப் பிளான் வேணாமா?"

"அக்கா விழுந்தா அசிங்கமா, இல்ல பி.காம். விழுந்தா அசிங்கமா அண்ணே?"

அவர் இறங்கிப் போனார். நான் அப்படிக் கேட்டது தப்பென்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை நான் வகுப்பிலிருந்து வந்தபோது அக்கா சமையலறையில் ஒன்றும் செய்யாமல் நின்றிருந்தார். அடுப்பில் கொள்ளு வெந்து, தண்ணீர் வற்றி, அடிபிடிக்கும் வாசனை. நான் போய் அடுப்பை அணைத்தேன். திரும்பியபோது அக்கா என் டிஷர்ட் கழுத்தைக் கொத்தாகப் பிடித்தார்.

"அக்கா!"

"நில்லு. இந்தக் கழுத்து ஏன் தொங்கல, சொல்லு."

"எனக்கென்ன தெரியும்?"

"எத்தன வருசமா இத நீ துவைக்கற?"

"காலேஜ்ல இருந்து."

"இன்னும் ஒடம்போட ஒட்டி நிக்குது பாரு. இந்தக் கழுத்துப் பட்டி, ரிப்பு இருக்குதே, கழுத்து ஓட்டையவிடக் கொறைச்சலா வெட்டோணும். பத்து இஞ்சுக்கு எட்டரதான். இழுத்து வெச்சுத் தெக்கோணும். கொறைச்சலா இருக்கறதுனாலதான் அது புடிச்சுட்டு நிக்குது." என் கழுத்தை இழுத்து இழுத்து விட்டார், அது டப் டப்பென்று திரும்பி வந்து ஒட்டியது. "அட்டைக்கும் அதுதாஞ் சாமி. காடிய அட்டை தடிமனவிடக் கொறைச்சலா வெட்டோணும். அமுக்கித்தான் எறக்கோணும். மொதநாளு புதுசா வந்த கைமடிச்சிப் புள்ளைக்கு நான் சொல்லிக்குடுத்தது இது. எனக்கே மறந்துபோச்சு பாரு!"

கழுத்தை விடாமலே சிரித்தார். அந்த வீட்டில் ஒரு வருடம் இருந்திருக்கிறேன், அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை புதிதாக வெட்டிய நான்கு தகடும் கையால் இறங்க மறுத்தன. தென்றலும் அக்காவும் இரண்டு பக்கமும் நின்று உள்ளங்கையால் தட்டித் தட்டி இறக்கினார்கள். அக்கா உட்கார்ந்தார். தென்றல் போனில் நேரம் பார்த்துக் கத்தினாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். ஸ்டூல் லேசாக முனகியது, அவ்வளவுதான். பிறகு நானும் உட்கார்ந்தேன். அண்ணனை உட்காரச் சொன்னபோது அவர் மட்டும், "வேணாம், நாளைக்கி வரைக்கும் இருக்கோணும்" என்று நகர்ந்துவிட்டார். அந்த முனகல் அவர் காதில் விழுந்திருந்தது. பகல் முழுக்கப் பெய்த மழையில் கராஜ் சுவரே வியர்த்திருந்தது. அட்டையைத் தடவிப் பார்த்தார். நமுத்த அப்பளம் மாதிரி இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் காலேஜில் இருக்க வேண்டும். எட்டு மணிக்கு அக்கா குளித்து, முடியை இறுகக் கொண்டை போட்டு, சேலைக்குப் பதில் தென்றலின் பழைய ஜீன்ஸ் பேன்ட்டும் முழுக்கைச் சட்டையும் மாட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தார். தகடுகளைப் பிரித்து அடுக்குவதற்காக ஸ்டூலைப் பிடித்து இழுத்தார். பிரியவில்லை. மறுபடி இழுத்தார். குனிந்து முகர்ந்தார்.

"ஏனுங்."

அண்ணன் கார் சாவியோடு வாசலில் நின்றார்.

"ஏனுங், இதுல பசை போட்டீங்களா?"

"லைட்டாத்தான், ராமாத்தா. உள்பக்கமா. ஆருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமுங்களே."

"நேத்து ராத்திரி நீ தூங்கப் போனதும் மறுக்கா அமுக்கிப் பாத்தன், ஆடுச்சு. ஈரம் ஏறியிருக்குது. அங்க போயி விழுந்தீன்னா..."

"பிரிச்சுக் கொண்டாந்து அவங்க முன்னாடி கோக்கோணும்னு எழுதியிருக்கறாங்கல்ல?"

"கார்ல வர்றப்ப ஒட்டிக்கிச்சு, பிரிக்க முடியலன்னு நான் பேசிக்கறன். வாத்தியார்கிட்ட நான் எக்ஸ்ப்ளெயின் பண்றன். நீ சும்மா நில்லு போதும்."

அக்கா குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பதினேழு வருசமா நானு சும்மாத்தானுங்க நின்னன். பி.காம்னீங்க, நின்னன். பொங்கலுக்கு நின்னன், தீபாவளிக்கு நின்னன். கலாவதி டாக்ஸ் கணக்குல சந்தேகம் கேட்டா, தல வலிக்குதுன்னு எந்திரிச்சு வந்தன். அது உங்க வாயி, நான் ஒண்ணுஞ் சொல்லல. ஆனா இது என்ற கை. இதுல நீங்க பொய்யச் சேத்தாதீங்க."

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். "நீ விழுகறதப் பாக்க முடியல, ராமாத்தா" என்றார். "புதங்கெழம நீ தரையில கெடந்த பாரு. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல."

"விழுந்தா நானே எந்திரிச்சுக்கறனுங். கத்தி எங்க?"

பசை காய்ந்த ஸ்டூலைக் கத்தியால் கீறிப் பார்த்தார். காடியின் ஓரமெல்லாம் பிய்ந்துகொண்டு வந்தது. தூக்கி ஓரமாக எறிந்தார். பிரிட்ஜ் பெட்டியில் மிச்சம் இருந்தது கோணலும் மாணலுமான துண்டுகள். எட்டே கால். கிளம்ப ஒன்பதரை.

"அட்டை வேணும்" என்றார்.

அண்ணன் சாவியை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். அவர் சீனியர் டெஸ்ட் என்ஜினியர். பக்கத்து வீட்டுக்காரரிடம் இத்தனை வருடத்தில் ஹாய் மட்டும் சொன்னவர். வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்தில், ஒவ்வொரு வீட்டு நீலக் குப்பைத் தொட்டியையும் திறந்து, தலையை உள்ளே விட்டுத் தேடினார். ஒரு வீட்டு நாய் குரைத்தது. ஒருவர் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். "கார்ட்போர்டு! பிக் கார்ட்போர்டு! ஃபார் மை வைஃப்!" என்று அண்ணன் கத்தியது கராஜ்வரை கேட்டது. அந்த மனிதர் உள்ளே போய், இறைச்சி சுடும் அடுப்பு வந்த பெட்டி ஒன்றை மடித்தபடியே எடுத்துவந்து கொடுத்தார். அண்ணன் அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தபோது சட்டையெல்லாம் எதுவோ ஒழுகிய கறை.

அக்கா பெட்டியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒருமுறை உருட்டினார். திருப்பூரில் துணியின் கனத்தை அப்படித்தான் பார்ப்பார்களாம், மிஷினில் நிறுத்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார்களாம்.

"இது அதவிடத் தடிமன். ஒண்ணர மில்லிமீட்டர் கூட இருக்கும்."

தென்றல் ஸ்கூலில் வாங்கிய அளவுக்கருவியை எடுத்துப் பழைய அட்டை, புது அட்டை இரண்டையும் அளந்தாள். வாயைத் திறந்து, மூடி, தமிழில் சொன்னாள்: "ஒன்னு புள்ளி அஞ்சு. எப்படிம்மா?"

"காடிய மாத்தோணும். கம்ப்யூட்டர்லயும் மாத்து கண்ணு, அவங்க கேட்டா படமும் துண்டும் ஒண்ணா இருக்கோணும். ஏனுங், நிக்காதீங்க. ஸ்கேல அமுக்கிப் புடிங். கைய உள்ள நீட்டாதீங்க, கத்தி வருது."

அண்ணன் முழங்கால் போட்டு இரண்டு கையாலும் ஸ்கேலை அழுத்தினார். அக்கா இழுத்தார். "புடிங். நகருங். மறுக்கா புடிங்." வேறு பேச்சில்லை. ஒரு தடவை அண்ணன் விரல் ஸ்கேலுக்கு வெளியே நீண்டபோது அக்கா கத்தியின் மறுபக்கத்தால் ஒன்று தட்டினார். "கட்டிங் டேபிள்ல வெரலு வெளிய தெரிஞ்சா அந்த வெரலு நம்முளுது இல்லீங்." அண்ணன் விரலை இழுத்துக்கொண்டார். நான் துண்டுகளுக்கு எண் எழுதினேன். எனக்குக் கொடுத்த வேலை அதுதான்.

ஐந்து துண்டு. ஒன்பது இருபத்தைந்து. கோத்துப் பார்க்க நேரமில்லை.

காரில் அண்ணன் ஃப்ரீவேயில், வேகமாகப் போகிறவர்களுக்கான இடது ஓரத்திலேயே போனார். அக்கா தகடுகளை மடியில் வைத்து, ஏசி காற்று அதன் மேல் படும்படி திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டு வந்தார்.

காலேஜில் வகுப்பு நடக்கும் கூடம் ஒரு பெரிய ஷெட். கூடவே வந்தவர்கள் சுவரோரம் நிற்கலாம் என்றார்கள். வாத்தியாரின் பெயர் டேல். தொப்பை பெல்ட்டுக்கு வெளியே வந்த ஆள், ஆறடிக்கு மேல், பூட்ஸ் போட்டு நடந்தால் தரை சொல்லும். ஒவ்வொருவராக நடுவில் வந்து கோத்து உட்கார்ந்தார்கள். ஒரு கல்லூரிப் பையனுடையது நாற்பதாவது நொடியில் மடிந்தது. எல்லாரும் கைதட்டி அவனைத் தூக்கிவிட்டார்கள். கலாவதி ஆன்ட்டியுடையது தாங்கியது. ஆன்ட்டி எங்களைப் பார்த்துக் கையாட்டினார்.

அக்கா போனார். முதல் இரண்டு தகடும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கவில்லை. அமுக்கினார். அசையவில்லை. டேல் உதவட்டுமா என்பது போல ஓர் அடி வைத்தார். சுவரோரம் நின்ற அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார், அந்தப் பிடி அடுத்த நாளும் வலித்தது. அக்கா தகட்டைத் தரையில் நிறுத்தி, மேலே முழங்காலை வைத்து, உடம்பு முழுவதையும் அதன் மேல் இறக்கினார். கரகரவென்று அட்டை நசுங்கி, இறங்கி, நின்றது. மூன்றாவது. நான்காவது. மேலே தட்டு. எழுந்து, பேன்ட்டைத் தட்டிவிட்டு, உட்கார்ந்தார்.

முனகல்கூட இல்லை.

ஒரு நிமிடம் முடிந்ததும் டேல் ஸ்டூலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அவர் கையில் ஸ்டூல் ஆடவில்லை, தரையோடு நகர்ந்தது. காடிகளை உற்றுப் பார்த்தார். மற்றவர்கள் எல்லாரும் காடியைச் சரி அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள், நீங்கள் ஏன் குறைத்து வெட்டினீர்கள், எங்கே கற்றீர்கள் என்று கேட்டார்.

கூடத்தில் கலாவதி ஆன்ட்டி முன்வரிசையில் இருந்தார். அண்ணன் என் முழங்கையை விட்டுவிட்டார். மொழிபெயர்க்க நான் நகர்ந்தபோது, அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"பனியன் கம்பெனி," என்றார். "டி-ஷர்ட் ஃபேக்டரி. லெவன் இயர்ஸ். ஐ கட். நெக் இஸ் ஸ்மால், தென் இட் ஹோல்ட்ஸ்." தன் சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்து விட்டுக் காட்டினார். "டென்த் பாஸ்," என்றும் சேர்த்துக்கொண்டார். அதை யாரும் கேட்கவில்லை.

டேல் தன் டிஷர்ட்டின் கழுத்தைத் தானும் இழுத்துப் பார்த்தார். "ஹஹ்" என்றார்.

கலாவதி ஆன்ட்டி திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொள்வார் என்று நான் நினைத்தேன். அதைப் பார்க்கத் தயாராகவும் இருந்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அவர் குனியவில்லை. "கட்டிங்," என்று ஆன்ட்டியிடம், அந்த வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "கட்டிங் மாஸ்டருங்க அவ. நாந்தான் பி.காம்னு சொல்லிட்டுத் திரிஞ்சன்."

ஆன்ட்டி அக்கா பக்கம் திரும்பினார். "அப்போ எனக்கு ப்ளவுஸ் வெட்டிக் குடுக்காம பதினேழு வருஷம் ஏமாத்திட்டீங்களா?" என்றார்.

பன்னிரண்டு இடத்துக்குப் பதினொரு பேர்தான் தேறினார்கள், அவர்கள் பெயரைப் படித்தார்கள். அக்காவின் பெயரை டேல் மூன்று தடவை தப்பாகப் படித்தார், நான்காவது தடவை அக்காவே எழுந்து திருத்தினார். பிறகு மிஷின்களைப் பற்றி விளக்க ஆரம்பிக்கப் போகிறேன் என்று டேல் சுற்றும் பார்த்தார். அவருக்கு உட்கார நாற்காலி மிச்சமில்லை. பக்கத்தில் இருந்தது அக்காவின் ஸ்டூல். காலால் இழுத்தார். அதன் மேல் உட்கார்ந்தார்.

"ஐயோ," என்றார் அண்ணன்.

நூற்று இருபது கிலோவாவது இருப்பார். உட்கார்ந்தபடி பேச ஆரம்பித்தார். லேசரைப் பற்றிப் பேசும்போது முன்னால் சாய்ந்தார். பிரின்டரைக் காட்டும்போது அப்படியே இடுப்போடு திரும்பினார். யாரோ ஏதோ கேட்க, பூட்ஸ் காலை முட்டிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு, பின்னால் சரிந்து, பெரிதாகச் சிரித்தார். எதன் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

அக்கா முன்வரிசையில் நோட்டைத் திறந்து பேனாவைப் பிடித்தபடி இருந்தார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தென்றல் போனில் நேரம் ஓடவிட்டிருந்தாள். பத்து நிமிடம். இருபது. நாற்பத்தொரு நிமிடம் கழித்து டேல் எழுந்து, கையைத் தட்டி, திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

அக்கா நோட்டை மூடிக்கொண்டு எங்களிடம் வந்தார். நோட்டில் தேதி மட்டும் எழுதியிருந்தது.

"அந்த லேசர்ல மொதல்ல எந்த பட்டனுன்னாரு? ஒண்ணுமே காதுல விழுல. நீ எழுதிக்கிட்டியா சாமி?"

"இல்லக்கா," என்றேன். "நானும் ஸ்டூலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."